144 ஹெர்ட்ஸ் வரவில்லையா? கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து மானிட்டர் வரை பேண்ட்வித் சிக்கலைத் தேடிப் பிடிக்கும் முறை

பெட்டியில் 4கே (3840 × 2160 பிக்சல்), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறுவது) என்று போட்டிருக்கும், மாட்டிப் பார்த்தால் விண்டோஸ் 60-க்கு மேல் எதையும் காட்டாது. இன்னொருவருக்கு 144 வரும், ஆனால் அவ்வப்போது திரை ஒரு நொடி கறுத்துவிட்டுத் திரும்பும். வேறொருவருக்கு எல்லாமே வரும், சிவப்பு எழுத்துகளின் ஓரம் மட்டும் கலங்கித் தெரியும். இந்த மூன்றுமே பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: கார்டு அனுப்ப வேண்டிய தரவு அது போகும் வழியில் கொள்ளவில்லை. அந்த வழி ஒரு நொடியில் தாங்கும் தரவின் அளவுதான் பேண்ட்வித்.

இதில் மாட்டிக்கொள்கிறவர்களில் பலர் முதலில் செய்வது புதுக் கேபிள் வாங்குவது. சில நேரம் அதிலேயே சரியாகிவிடுகிறது, அதனால்தான் அந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது. ஆனால் மானிட்டரின் போர்ட்டே எச்டிஎம்ஐ 2.0 என்றால் எவ்வளவு விலை கொடுத்த கேபிளும் எதையும் மாற்றப்போவதில்லை. முதலில் கணக்கு, அப்புறம்தான் கேபிள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், டிரைவர், மானிட்டர் மெனு மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த மாதம் அதே சிக்கல் வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

கார்டின் முழு மாடல் பெயர், மானிட்டரின் முழு மாடல் எண், இரண்டின் விவரப் பக்கங்கள். "27 இன்ச் 4கே" என்பது மாடல் எண் ஆகாது. ஒரே வரிசையில் ஒரே அளவில் வரும் இரண்டு மானிட்டர்களுக்குக்கூட போர்ட்கள் வேறுபடும்.

வேறு ஒரு கேபிள், முடிந்தால் மானிட்டரோடு பெட்டியில் வந்ததே. பெட்டியில் வந்ததை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு நீளமான கேபிளை மாட்டியிருப்பவர்கள் நிறைய. தேடி எடுங்கள்.

கேபிள் கம்ப்யூட்டரின் பின்புறம் எங்கே செருகியிருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகியிருந்தால் நீங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் போர்ட்டைப் பயன்படுத்தவே இல்லை. கார்டின் போர்ட்கள் பெரும்பாலும் கீழே, படுக்கை வாட்டில் இருக்கும். பழைய போர்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4 தான், அது 4கே-யில் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

2. இது பேண்ட்வித் சிக்கல்தானா என்று பாருங்கள்

திரையில் கோடுகளோ புள்ளிகளோ தெரிந்தால் அந்த நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை உங்கள் போனில் திறந்து பாருங்கள். கோளாறு படத்திலும் இருந்தால் அது கார்டு வரையும்போதே வந்தது, கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படம் சுத்தமாக இருந்தால் சிக்கல் கார்டை விட்டு வெளியேறிய பிறகுதான். ஸ்கிரீன்ஷாட் கார்டின் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுவது, கேபிளைத் தொடுவதே இல்லை.

அடுத்த சோதனை இன்னும் எளிது. ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது அந்த ஹெர்ட்ஸ் எண்ணை, பாதியாகக் குறையுங்கள். 144-இல் கறுக்கும் திரை 60-இல் மணிக்கணக்கில் நிலையாக நின்றால் பேண்ட்வித் பக்கம்தான் தேட வேண்டும். 60-இலும் கறுத்தால் மின்சாரம், தளர்ந்த போர்ட், டிரைவர் என்று வேறு பக்கம் போங்கள்.

கேம் ஆடும்போது மட்டும் வெளிச்சம் துடிக்கிறது, திரை முழுதாகக் கறுக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் மாறும் ரிஃப்ரெஷ் ரேட்டின் (கேமின் வேகத்துக்கேற்ப ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) வேலை, விஏ, ஓஎல்இடி வகைத் திரைகளில் அதிகம் தெரியும். அந்த வசதியை அணைத்துப் பாருங்கள், நின்றுவிட்டால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவையில்லை.

3. இப்போது என்ன போகிறது என்று எழுதி வையுங்கள்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்கள். அங்கே டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட் என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவதுதான் கேபிளில் உண்மையில் போவது. முதல் வரியை மட்டும் பார்த்து "4கே தானே வருகிறது" என்று ஏமாறுகிறவர்கள் உண்டு, கார்டு உள்ளுக்குள் அளவை மாற்றி வேறொன்றை அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

அதே பக்கத்தில் பிட் டெப்த் (ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை பிட்) 8-ஆ 10-ஆ, கலர் ஃபார்மட் ஆர்ஜிபியா (முழு நிறம்) 4:2:2-ஆ 4:2:0-ஆ (நிறத் தகவலைக் குறைத்து அனுப்பும் முறைகள்) என்றும் இருக்கும். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மானிட்டரின் சொந்த மெனுவிலும் தகவல் பக்கம் ஒன்று இருக்கும், அதில் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஏஎம்டி கார்டு என்றால் அதன் மென்பொருளில் டிஸ்ப்ளேவின் விவரப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு வகை) இணைப்பின் வேகமும் எத்தனை லேன் (தரவு ஓடும் தனித்தடம்) என்பதும் தெரியலாம், உதாரணமாக லேனுக்கு 5.4 ஜிகாபிட், 4 லேன். மானிட்டர் 8.1 வாங்கக்கூடியது, இங்கே 5.4 என்று நிற்கிறது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது.

4. உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

அகலம் × உயரம் × ரிஃப்ரெஷ் ரேட் × ஒரு பிக்சலுக்கான பிட்கள். 8 பிட் ஆர்ஜிபி என்றால் பிக்சலுக்கு 24, 10 பிட் என்றால் 30. 4கே 144-க்கு 3840 × 2160 × 144 × 24 என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 28.7 ஜிகாபிட் வரும்.

இது முழுக் கணக்கு அல்ல. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஒவ்வொரு வரியின் முடிவிலும், கொஞ்சம் வெற்று நேரம் அனுப்பப்படுகிறது. மானிட்டர்களுக்கான சிக்கனமான டைமிங்கில் அதையும் சேர்த்தால் 4கே 144-க்கு 31.35 ஆகிறது. தொலைக்காட்சி டைமிங் இன்னும் தாராளமானது: 4கே 60-க்கு மானிட்டர் டைமிங்கில் 12.54 ஜிகாபிட் போதும், தொலைக்காட்சி டைமிங்கில் 14.26 வேண்டும். ஒரே ரெசல்யூஷன், ஒரே ரேட், ஆனால் ஒன்று ஒரு போர்ட்டில் கொள்ளும், மற்றது கொள்ளாமல் போகலாம்.

அடிக்கடி தேவைப்படும் சில எண்கள், எல்லாம் மானிட்டர் டைமிங்கில், 8 பிட்டில்: 1080பி (1920 × 1080) 144-க்கு 8, 1440பி (2560 × 1440) 144-க்கு 14.08, 4கே 120-க்கு 25.82. 10 பிட் வேண்டுமென்றால் 1.25-ஆல் பெருக்குங்கள்.

5. வழி எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். விளம்பரத்தில் வரும் எண் கேபிளில் ஓடும் மொத்த பிட்கள். அதில் ஒரு பங்கு குறியீட்டு முறைக்கே போய்விடும். எச்டிஎம்ஐ 2.0 வரையும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வரையும் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக அனுப்பப்படுகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு படத்துக்குக் கிடைக்காது. படத்துக்குக் கிடைப்பது இவ்வளவுதான்:

எச்டிஎம்ஐ 1.4: பெட்டியில் 10.2, கையில் 8.16 ஜிகாபிட்
எச்டிஎம்ஐ 2.0: 18, கையில் 14.4
எச்டிஎம்ஐ 2.1 முழு வேகம்: 48, கையில் ஏறத்தாழ 42
டிஸ்ப்ளேபோர்ட் 1.2: 21.6, கையில் 17.28
டிஸ்ப்ளேபோர்ட் 1.4: 32.4, கையில் 25.92
டிஸ்ப்ளேபோர்ட் 2.1: வேக வகையைப் பொறுத்து 40, 54, 80, கையில் சுமார் 38.7, 52.2, 77.4

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1440பி 144, 10 பிட்டுக்கு 17.6 வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 பெட்டியில் 21.6 என்கிறது, தாராளமாகப் போகும் என்று தோன்றும், ஆனால் கையில் இருப்பது 17.28. மயிரிழையில் கொள்ளாது, அதனால் கார்டு பேசாமல் 8 பிட்டுக்கு இறங்கிவிடும். இதில் எதுவும் பழுதாகவில்லை, கேபிளும் காரணமில்லை.

பதிப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், குறிப்பாக எச்டிஎம்ஐ 2.1-ஐ. 2.1-இன் புது வசதிகள் எல்லாமே விருப்பத்தேர்வு, பழைய 18 ஜிகாபிட் போர்ட்டையும் 2.1 என்று அழைக்கலாம் என்பதை எச்டிஎம்ஐ உரிமம் வழங்கும் அமைப்பே 2021-இல் உறுதிப்படுத்தியது. அதனால் விவரப் பக்கத்தில் 2.1 என்ற எண்ணை விட்டுவிட்டு, எத்தனை ஜிகாபிட், அந்தப் போர்ட்டில் எந்த ரெசல்யூஷனுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைத் தேடுங்கள். ஒரே மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு 144, எச்டிஎம்ஐக்கு 60 என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பது சாதாரணம்.

கார்டு பக்கம்: என்விடியா ஜிடிஎக்ஸ் 10, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளில் எச்டிஎம்ஐ 2.0, டிஸ்ப்ளேபோர்ட் 1.4. ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைகளில் எச்டிஎம்ஐ 2.1 வந்தது, டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இலேயே நின்றது. ஆர்டிஎக்ஸ் 50-இல்தான் டிஸ்ப்ளேபோர்ட் 2.1. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000-இல் எச்டிஎம்ஐ 2.1 வந்தது, ஆர்எக்ஸ் 7000-இல் டிஸ்ப்ளேபோர்ட் 2.1 வந்தது.

6. சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்

மேலே உள்ள கணக்கைப் பார்த்துவிட்டு, டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் 4கே 144 எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். டிஎஸ்சி என்ற சுருக்க முறையால்தான். தரவை மூன்றில் ஒரு பங்கு வரை சுருக்கி அனுப்பி மானிட்டரில் விரிக்கிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவில்.

இரண்டு முனையிலும் அது இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உண்டு, டிஎஸ்சி கிடையாது. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதலும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 5000 முதலும் உண்டு. 2018-இல் வந்த முதல் 4கே 144 மானிட்டர்களிலும் அது இல்லை, அதனால்தான் அவற்றில் முழு நிறத்தோடு 10 பிட் வேண்டுமென்றால் 98 ஹெர்ட்ஸ், 8 பிட் என்றால் 120, 144 வேண்டுமென்றால் நிறத்தைக் குறைத்து 4:2:2 என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்த 120 எங்கிருந்து வந்தது என்று 25.82-ஐயும் 25.92-ஐயும் பார்த்தாலே புரியும்.

7. வழியைச் சுருக்குங்கள்

கணக்குப்படி கொள்ள வேண்டும், ஆனாலும் வரவில்லை என்றால் நடுவில் இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். கேவிஎம் (ஒரே மானிட்டரையும் கீபோர்டையும் பல கம்ப்யூட்டர்களுக்கு மாற்றும் பெட்டி), ஸ்ப்ளிட்டர் (ஒரு சிக்னலைப் பல திரைகளுக்குப் பிரிப்பது), டாக் (லேப்டாப்புக்குக் கூடுதல் போர்ட்கள் தரும் பெட்டி), நீட்டிப்புக் கேபிள், அடாப்டர், ஒலிக்கான ரிசீவர் எதுவும் வேண்டாம். ஒரு கார்டு, ஒரு குட்டைக் கேபிள், ஒரு மானிட்டர்.

காரணம், நடுவில் இருக்கும் பெட்டிகள் வேகத்தை மட்டும் குறைப்பதில்லை. மானிட்டர் தன்னால் என்னென்ன முடியும் என்று கார்டுக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறது. சில கேவிஎம்களும் ஸ்ப்ளிட்டர்களும் அந்தப் பட்டியலைத் தாங்களே மாற்றி அனுப்பிவிடும், அதில் 144 இல்லாவிட்டால் விண்டோஸும் காட்டாது.

அடாப்டர்களில் ஒரு எச்சரிக்கை. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவான கேபிள்கள் பெரும்பாலும் சாதாரண வகை, அவை 4கே-யில் 30-ஐத் தாண்டாது. உள்ளே சிப் உள்ள ஆக்டிவ் வகைதான் 60-க்கும் அதற்கு மேலும் போகும். அந்தக் கேபிள்கள் ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும், திருப்பி மாட்டினால் படமே வராது.

யூஎஸ்பி-சி வழியாக லேப்டாப் மாட்டியிருந்தால் இன்னொன்று. அந்தக் கேபிளில் நான்கு லேன், மானிட்டரின் யூஎஸ்பி போர்ட்களுக்கு வேகம் வேண்டும் என்று கேட்டால் இரண்டு அதற்குப் போய்விடும், படத்துக்கு இரண்டுதான். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு லேன் என்றால் 8.64 ஜிகாபிட், 4கே 60 கொள்ளாது, 30-க்கு இறங்கும். பல மானிட்டர்களின் மெனுவில் ரெசல்யூஷனுக்கு முன்னுரிமையா, யூஎஸ்பி வேகத்துக்கா என்று ஒரு தேர்வு இருக்கும், ரெசல்யூஷன் பக்கம் மாற்றுங்கள்.

8. மானிட்டர் மெனுவைத் திறங்கள்

கேபிள் வாங்குவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது, ஆனால் பலர் தாண்டிப் போவது. பழைய கார்டுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகச் சில மானிட்டர்கள் டிஸ்ப்ளேபோர்ட்டை 1.1 அல்லது 1.2 என்றும், எச்டிஎம்ஐயை 1.4 என்றும் அமைத்தே அனுப்பப்படுகின்றன. மெனுவில் அதை மேலே ஏற்றினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

தொலைக்காட்சியை மானிட்டராக வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம். எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட் என்று பெயர் மாறும். ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், எல்லாப் போர்ட்களும் 120 தாங்கும் என்றும் இல்லை, பின்னால் 4கே 120 என்று எழுதியிருப்பதில் செருகுங்கள்.

மாற்றிய பிறகு மானிட்டரின் மின்கம்பியைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுத் திரும்ப மாட்டுங்கள். பழைய பட்டியலையே கார்டு பிடித்துக்கொண்டிருந்தால் இதில் புதிதாகக் கேட்டு வாங்கும்.

9. இப்போது கேபிள்

டிஸ்ப்ளேபோர்ட்டும் எச்டிஎம்ஐயும் மோசமான கேபிளில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, அதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேடல் மிச்சம். டிஸ்ப்ளேபோர்ட் இணைந்தவுடன் இரண்டு முனைகளும் சோதனை சிக்னல் அனுப்பி எந்த வேகம் தாங்கும் என்று பேசி முடிவெடுக்கின்றன. கேபிள் சரியில்லை என்றால் சத்தமில்லாமல் குறைந்த வேகத்துக்கு இறங்கும், உங்களுக்குத் தெரிவது பட்டியலிலிருந்து 144 காணாமல் போனது மட்டும்தான். எச்டிஎம்ஐ 2.0 வரை அப்படிப் பேச்சுவார்த்தை எதுவும் இல்லை, கார்டு கேட்டதை அனுப்பிவிடும், கேபிள் தாங்காவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும் அல்லது திரை கறுக்கும். எச்டிஎம்ஐ 2.1-இன் வேகமான முறையில்தான் அந்தச் சோதனை வந்தது.

வாங்கும்போது பதிப்பு எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். எச்டிஎம்ஐக்கு 18 ஜிகாபிட் வரை பிரீமியம் ஹை ஸ்பீடு, 48 வரை அல்ட்ரா ஹை ஸ்பீடு என்று சான்றிதழ் உண்டு, அல்ட்ரா வகையின் பெட்டியில் போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு அந்தத் தரத்தை வகுக்கும் வீசா (VESA) அமைப்பின் சான்று: 1.4-க்கு டிபி8கே, அதற்கு மேல் டிபி40, டிபி80. நீளம் குறைவாக எடுங்கள். 1.4 வேகத்துக்கு 2 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. சிப் இல்லாத டிபி80 கேபிள்கள் ஒரு மீட்டர் அளவில்தான் வருகின்றன.

மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்கள் சிலவற்றில் 20-ஆவது முனை இரு பக்கமும் இணைக்கப்பட்டிருக்கும், அப்படி இருக்கக்கூடாது. அது மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். கம்ப்யூட்டர் அணைத்த பிறகும் ஏதோ விளக்கு எரிகிறது, மானிட்டரைப் பிடுங்கினால்தான் பூட் ஆகிறது என்றால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு: உயரம் மாற்றும் கேஸ் நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும் சில வீடுகளில் திரை கறுக்கும். நாற்காலியில் சேரும் நிலைமின்சாரம் வெளியேறும்போது வரும் இடையூறு அது, கவசம் சரியில்லாத கேபிள் அதைப் பிடித்துக்கொள்கிறது. நல்ல கேபிள் மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

10. டிரைவர், ஃபர்ம்வேர்

என்விடியா கண்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பட்டியல் இரண்டாகப் பிரிந்திருக்கும். மேலே தொலைக்காட்சி ரெசல்யூஷன்கள், கீழே பிசி என்ற தலைப்பு. மேலே உள்ள 4கே-யைத் தேர்ந்தெடுத்துவிட்டு 144 இல்லை என்று தேடுகிறவர்கள் அதிகம், கீழே உருட்டினால் பிசி பகுதியில் இருக்கும். கலர் அமைப்பில் ஆர்ஜிபி, ஃபுல் என்று வைத்துவிட்டு மறுபடி 3-ஆம் படியில் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டில் விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாகவே இருந்தால் என்விடியா அதற்கென்றே வெளியிட்ட டிஸ்ப்ளேபோர்ட் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அப்டேட் உண்டு, அதைப் போடுங்கள்.

லினக்ஸில் ஏஎம்டி கார்டும் எச்டிஎம்ஐயும் என்றால் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறுவதே நல்லது. திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க ஏஎம்டி கேட்ட அனுமதியை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்துவிட்டது, அதனால் கார்டில் போர்ட் இருந்தும் அந்த வேகம் கிடைக்காமல் போனது.

11. எப்படியும் கொள்ளவில்லை என்றால் எதை விடுவது

எழுதும், படிக்கும் வேலைக்கு முதலில் 10 பிட்டை விடுங்கள். 8 பிட்டுக்கு இறங்கினால் கார்டு டிதரிங் செய்து (பக்கத்து நிறங்களைக் கலந்து இடைநிறம் போலக் காட்டி) சமாளிக்கும், பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. அடுத்து ரிஃப்ரெஷ் ரேட்டைக் கொஞ்சம் இறக்குங்கள், 144-க்கும் 120-க்கும் நடுவே கண்ணுக்கு இழப்பு குறைவு. 4:2:2, 4:2:0 இரண்டும் கடைசி. அவை நிறத் தகவலைப் பக்கத்துப் பிக்சல்களோடு பகிர்ந்துகொள்வதால் மெல்லிய எழுத்துகள் கலங்கும், நாள் முழுக்க அதைப் படிப்பது கண்ணுக்குக் கொடுமை. கறுப்புப் பின்னணியில் சிவப்பிலும் நீலத்திலும் சின்ன எழுத்து அடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

தள்ளி உட்கார்ந்து படம் பார்க்கும் தொலைக்காட்சி என்றால் வரிசை தலைகீழ். எச்டிஎம்ஐ 2.0-இல் 4கே 60 எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் முறை) வேண்டுமா, 4:2:2 தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 4:2:2-ஐ 12 பிட் வரை 8 பிட் ஆர்ஜிபி பிடிக்கும் அதே இடத்தில் அனுப்புகிறது, அதனால் அது கொள்ளும், 10 பிட் ஆர்ஜிபி கொள்ளாது.

12. மற்ற மானிட்டர்களைத் திரும்ப மாட்டிச் சோதியுங்கள்

ஒன்று நிலையாக நின்ற பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒரு டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹப் வைத்தோ தொடராகவோ இரண்டு மானிட்டர் ஓட்டினால் இரண்டும் அந்த ஒரே 25.92-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன, முடிந்தால் கார்டின் தனித்தனிப் போர்ட்டில் செருகுங்கள். என்விடியாவில் டிஎஸ்சியோடு மிக உயர்ந்த ரெசல்யூஷனும் ரேட்டும் ஓடும்போது ஒரு மானிட்டரே கார்டின் உள்ளே இரண்டு டிஸ்ப்ளே இடங்களைப் பிடிக்கலாம், நான்கு மானிட்டர் தாங்கும் கார்டில் கடைசி மானிட்டர் எழாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, எச்டிஆரைப் போட்டு, ரேட்டை உச்சத்தில் வைத்து, ஒரு முழு நாள் வழக்கம்போல வேலை செய்யுங்கள். நடுவில் சில தடவை கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்புங்கள். ஒவ்வொரு தடவை எழும்போதும் டிஸ்ப்ளேபோர்ட் வேகத்தைப் புதிதாகப் பேசி முடிவெடுக்கிறது, எல்லையில் நிற்கும் கேபிள் அப்போதுதான் வழுக்கும். எழுந்ததும் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைப் பாருங்கள். ஆக்டிவ் சிக்னல் மோட் 144-இலிருந்து இறங்கியிருந்தால் 9-ஆம் படிக்குத் திரும்பி, இன்னும் குட்டையான கேபிளோடு தொடங்குங்கள்.